தெற்கே ஆறு என்று எழுதிய தீர்ப்பு

குறுமணலாறு மூன்றடி தெற்கே நகர்ந்திருந்ததை முதலில் பார்த்தவர்கள் துணி துவைக்க வந்த பெண்கள். பார்த்துவிட்டு அவர்கள் கத்தவும் இல்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை, தண்ணீருக்குள் போய்விட்ட துவைகல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்றடி மேலே இழுத்துப் போட்டுவிட்டு, “யாரு வீட்டுத் தீர்ப்போ, பாவம்” என்று சொல்லிக்கொண்டு துவைக்கத் தொடங்கினார்கள்.

ஆலங்குறிச்சியில் கோர்ட் எழுதுவதை மண் கேட்கும். மற்ற ஊர்களில் தீர்ப்பை நிறைவேற்ற அமீனா வர வேண்டும், போலீஸ் வர வேண்டும். இங்கே நீதிபதியின் கையெழுத்துக்குக் கீழே முத்திரை விழுந்து, மை காய்ந்து, ஓர் இரவு கடந்தால் போதும், எழுதியது எழுதியபடி ஆகத் தொடங்கிவிடும். முன்பு ஒரு பாகப்பிரிவினைத் தீர்ப்பில் கொல்லையில் நின்ற வேப்பமரத்தைப் புளியமரம் என்று எழுதிவிட்டார்கள், அந்தத் தை மாதம் அது புளி காய்த்தது, நல்ல புளி, ஆகவே திருத்தம் கேட்டு யாரும் மனுப் போடவில்லை. இன்னொரு தீர்ப்பில் பன்னிரண்டு படி உள்ள மாடிப்படியைப் பதினொரு படி என்று எழுதிவிட்டார்கள், மறுநாள் காலை ஆறாவது படி இருந்த இடத்தில் காற்று இருந்தது, வீட்டுக்காரர் இருபது வருடப் பழக்கத்தில் அந்தக் காற்றின்மேல் கால் வைத்தார், இன்றைக்கும் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கும் யாரும் மனுப் போடவில்லை. கோர்ட் எழுதியது தப்பு என்று கோர்ட்டிலேயே போய் நின்று சொல்வதைவிடப் பதினொரு படியில் ஏறிப் பழகுவது எளிது என்று ஊர் நினைத்தது.

இந்த முறை தீர்ப்பு மரியபுஷ்பத்தின் வீட்டைப் பற்றியது. அவள் ஆற்றின் தென்கரையில், எட்டு வயது மகள் ஜெசிந்தாவுடன் இருந்தாள். கணவன் ராயப்பன் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வக்கீல்களுக்குக் கறுப்பு அங்கியும் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அந்த ஊரின் முப்பத்தொரு வக்கீல்களுடைய கழுத்தளவையும் நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். வீட்டுக்கு வடக்கே நூற்று நாற்பது அடி தள்ளி ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் மேட்டின்மேல் கோர்ட். வீட்டுக்குத் தெற்கே, தெருவுக்குப் போகும் பாதை. கிழக்கே பக்கத்து வீட்டுக்காரர் இசக்கியப்பனின் வீடு, மேற்கே அவருடைய லாரி செட். அந்தப் பாதை தன்னுடையது என்றும், மரியபுஷ்பத்தின் கணவனே உயிரோடு இருந்தபோது தன்னிடம் வாயால் அப்படிச் சொல்லியிருக்கிறான் என்றும் சொல்லி, இசக்கியப்பன் ஒருநாள் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். மரியபுஷ்பம் மகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரை மணலில் சுற்றிப் போய்ச் சுற்றி வந்தாள், வழக்குப் போட்டாள், நான்கு வருடம் நடந்தாள், ஜெயித்தாள். வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, பாதை பொதுப்பாதை, கேட் இருக்கக்கூடாது என்று தீர்ப்பானது. முத்திரை விழுந்த மறுநாள் காலையில் கேட் இல்லை, அதைப் பிடுங்கிய குழிகூட இல்லை. மரியபுஷ்பம் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் தெருவரை மூன்று முறை சும்மா போய்ச் சும்மா வந்தாள்.

மூன்றாம் முறை திரும்பி வந்தபோதுதான் துவைக்கிற பெண்கள் ஆற்றைப் பற்றிச் சொன்னார்கள். அவள் வீட்டுக்குள் போய்த் தீர்ப்பாணையின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். சொத்து விவரம் என்ற தலைப்பின் கீழே அவளுடைய வீட்டுக்கு நான்கு எல்லை எழுதியிருந்தது. கிழக்கும் மேற்கும் பிரதிவாதியின் இடம் என்று இருந்தது, அது சரி. வடக்கே பொதுப்பாதை என்று இருந்தது. தெற்கே ஆறு என்று இருந்தது.

ஆறு அவள் வீட்டுக்குத் தெற்கே போக வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

இந்தத் தப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நிலத் தகராறு என்றால் கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து இடத்தைப் பார்த்துப் படம் வரைந்து வரச்சொல்லும். உலகத்தில் எல்லாரும் படம் வரைந்தால் வடக்கு மேலே இருக்கும். ஆலங்குறிச்சி வக்கீல்கள் வரைந்தால் கோர்ட் கீழே இருக்கும். கோர்ட்டிலிருந்து புறப்பட்டுப் போகிறவருக்கு அருகில் இருப்பது கீழே, தூரத்தில் இருப்பது மேலே என்று யாரோ ஒரு மூத்த வக்கீல் நாற்பது வருடத்துக்கு முன் ஆரம்பித்தார், மற்றவர்கள் அப்படியே வரைந்தார்கள், கோர்ட் ஊருக்கு வடக்கே இருந்ததால் ஊரின் படங்கள் எல்லாமே தலைகீழாக இருந்தன, எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்குத் திசைக்குறி எதற்கு என்று அதையும் யாரும் போடவில்லை. புதிதாக மாற்றலாகி வரும் ஒவ்வொரு நீதிபதிக்கும் முதல் நாள், பெஞ்ச் கிளார்க் வடிவாம்பாள் மேசைமேல் பேனாவை வைக்கும்போது குனிந்து, “அய்யா, இங்க கோர்ட் கீழே” என்று காதோடு சொல்வாள். எழுத்தில் அது எங்கேயும் இல்லை. இந்த நீதிபதி வடகோடி மாவட்டத்திலிருந்து வந்த நாளில் வடிவாம்பாள் கண் ஆபரேஷனுக்காகப் பத்தொன்பது நாள் விடுப்பில் இருந்தாள். விடுப்பு முடிந்து அவள் வந்தபோது மரியபுஷ்பத்தின் தீர்ப்பில் முத்திரை காய்ந்திருந்தது.

மரியபுஷ்பம் தன் வக்கீல் தாணுமாலயனிடம் போனாள். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, கழுத்தளவு பதினாறரை.

“எம்மா, இது ஜெயிச்ச தீர்ப்பு,” என்றார் அவர். “ஜெயிச்ச தீர்ப்பைத் தொடுததும் உறங்குத பிள்ளையைத் தூக்கிப் பாக்குததும் ஒண்ணு. முழிச்சிச்சின்னா அப்புறம் உறங்காது.”

“ஆறு வருது சார்.”

“எவ்வளவு வந்திருக்கு?”

“மூணடி.”

“மூணடிதானே!”

“இன்னைக்கு மூணடி.”

தாணுமாலயன் மின்விசிறியைப் பார்த்தார். “கை தவறி எழுதினதுன்னா அதுக்கு ஒரு மனு. நீதிபதி நெனச்சதே தப்புன்னா அதுக்கு வேற மனு. அதுக்கு மேல அப்பீல். ஆனா அப்பீல் தோத்தவன் போறது. நீ ஜெயிச்சவ, உனக்கு என்ன குறைன்னு கேப்பாங்க.”

“அப்ப நான் தோத்திருந்தா?”

“தோத்திருந்தா எவ்வளவோ வழி இருக்கு.”

“படம் தலைகீழா இருக்குன்னு நேரா போய்ச் சொன்னா என்ன சார்? பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே.”

தாணுமாலயன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கழுத்துப் பட்டைக்கு மேலே வியர்த்திருந்தது. “அதை மட்டும் வெளிய சொல்லாத. படம் தலைகீழ்னு ஒருதரம் ரெக்கார்டுல ஏறிச்சின்னா, நாப்பது வருஷத்துத் தீர்ப்பும் தலைகீழான்னு கேள்வி வரும். ஒவ்வொண்ணா எந்திரிச்சுப் பொரண்டு படுக்கும். என் வீடு, கோயிலு, ஆஸ்பத்திரி எல்லாம் தீர்ப்புல நிக்குது. எது எந்தப் பக்கம் போகும்னு யாரு கண்டா? ஒரு வீட்டுக்காக ஊரை அசைக்கச் சொல்லுதியா?”

கை தவறியது என்றே மனுப் போட்டார்கள். நீதிபதி சின்ன உடம்பும் பெரிய கண்ணாடியும் உள்ளவர், கெட்டவர் அல்ல, எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். அதனாலேயே அவருக்குத் தப்பு என்ற சொல் பயத்தைக் கொடுத்தது. தன் தீர்ப்பில் பிழை என்று மேல்கோர்ட் எழுதினால் அது தன் பணிப் பதிவேட்டில் கடைசிவரை உட்கார்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். “கை தவறியது என்றால் நான் நினைத்தது ஒன்று, எழுதியது வேறொன்று என்று இருக்க வேண்டும்,” என்றார் அவர். “நான் படத்தைப் பார்த்தேன். பார்த்ததை நினைத்தேன். நினைத்ததை எழுதினேன். என் கை தவறவில்லை.” மனு தள்ளுபடியானது. அன்று ஆறு பதினேழு அடி வந்தது.

அந்த வாரமே மரியபுஷ்பம் மகளைக் கூட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் பயணம் செய்து அக்காள் வீட்டுக்குப் போனாள். அக்காள் குழம்பு ஊற்றினாள், பாய் விரித்தாள், பக்கத்தில் படுத்துக்கொண்டாள். காலையில் மரியபுஷ்பம் கண் விழித்தபோது தலைக்கு மேலே தன் வீட்டு ஓடும், காதருகே தண்ணீர்ச் சத்தமும் இருந்தன, ஜெசிந்தா பக்கத்தில் அக்காள் வீட்டுப் போர்வையோடு படுத்திருந்தாள். தீர்ப்பின் பத்தொன்பதாம் பத்தியில், வாதியும் அவருடைய மகளும் மேற்படி வீட்டில் தொடர்ந்து குடியிருந்து வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. அந்த வரியை வாங்குவதற்காகத் தாணுமாலயன் இரண்டு மணி நேரம் வாதாடியிருந்தார். மரியபுஷ்பம் இன்னும் இரண்டு முறை ஓடிப் பார்த்தாள், ஒருமுறை ரயிலில்கூட ஏறினாள். எங்கே கண் மூடினாலும் வீட்டில்தான் விழித்தாள். கடைசி முறை விழித்தபோது ஜெசிந்தா, “எம்மா, நாம இனி எங்கயும் போகாண்டாம், எனக்குக் கால் வலிக்கு” என்றாள்.

அடுத்த மனுவைப் போட்டார்கள், நினைத்ததே தப்பு என்று. இந்த மனுவுக்குப் பிரதிவாதி பதில் சொல்ல வாய்தா கொடுத்தார்கள், ஆறு ஒன்பதடி வந்தது. பிரதிவாதியின் வக்கீலுக்குக் காய்ச்சல் என்று வாய்தா கொடுத்தார்கள், ஆறு பதினோரடி வந்தது. நீதிபதி பயிற்சிக்குப் போனார் என்று ஒரு வாய்தா, வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தார்கள் என்று ஒரு வாய்தா, கோப்பு வேறு அலமாரியில் இருக்கிறது என்று ஒரு வாய்தா. ஒவ்வொரு வாய்தா அன்றும் சாயங்காலம் மரியபுஷ்பம் துணி அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு போய், ஆற்றைப் பார்த்த வாசல்படிக்கும் தண்ணீருக்கும் நடுவே பிடித்து அளந்தாள், ஒவ்வொரு முறையும் நாடாவைக் குறைவான தடவை மடக்கினாள்.

ஆறு முழுவதும் வரவில்லை. அவள் வீட்டுக்கு எதிரே மட்டும், மடக்கிய முழங்கை போல நீண்டு வந்தது. அதனால் மற்ற வீட்டுக்காரர்கள் முதல் வாரத்தோடு பயப்படுவதை நிறுத்திக்கொண்டார்கள். “புஷ்பத்து வீட்டுக்குத்தான் வருது” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல. அவள் முன்வாசலில் நின்ற ஏழு தென்னைகளும் தண்ணீருக்குள் போனபோது தேங்காய் பறிக்கப் பரிசல்காரர்கள் வந்தார்கள். அக்கரையில் ஆறு விலகிப்போன இடம் கோர்ட்டுக்கு முன்னால் அரைவட்டமாகக் காய்ந்து கிடந்தது. வக்கீல்கள் அங்கே பைக்குகளை நிறுத்தினார்கள், டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்ச் கொண்டுவந்து போட்டார், இத்தனை வருடம் வண்டி நிறுத்த இடமில்லாமல் பட்ட அவதி தீர்ந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

தெற்கே பாதையும் சும்மா இருக்கவில்லை. தீர்ப்பில் அது வடக்கே என்று இருந்ததால், அதுவும் தன்னால் முடிந்த அளவு கிளம்பியது. முதலில் சமையலறையில் பாதையின் புழுதி படிந்தது, பிறகு ஆட்டுப் புழுக்கை, பிறகு ஆடுகளே வந்தன. தெருவுக்குப் போகிறோம் என்று நினைத்து நடந்தவர்கள் தையல் மிஷினுக்கு முன்னால் வந்து நின்று, “தாயி, மன்னிச்சுக்கோ, வழி இப்படி வந்துட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வடக்கேயிருந்து தண்ணீரும் தெற்கேயிருந்து புழுதியும் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் இரண்டும் சந்திக்கும். அந்த இடம் ஜெசிந்தா படுக்கும் அறையாக இருந்தது.

நீதிபதியின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும்: கீழே காய்ந்த மணல், அதற்கு அப்பால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் அந்த வீடு. ஆனால் கோர்ட் தன் கண்ணால் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, பதிவேட்டில் உள்ளதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஜன்னலைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்க முடியாது. நீதிபதி ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பினார், அரைமணி நேரம் அப்படியே நின்றார், பிறகு அந்த ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கோர்ட்டுக்குத் தைக்கிறவள் மரியபுஷ்பம்தான். பச்சைத் துணியும் அளவும் வந்து சேர்ந்தன. ஏழடிக்கு ஐந்தடி. அவள் அதைத் தைத்து, ஓரம் மடித்து, வளையம் வைத்துக் கொடுத்தாள்.

கடைசியில் இன்னொரு கமிஷனரை அனுப்பலாம் என்று நீதிபதி உத்தரவிட்டார். இளம் வக்கீல் ஒருவர் வந்தார், கழுத்தளவு பதினான்கு, தண்ணீர் வாசல்படியிலிருந்து இருபத்திரண்டு அடியில் இருப்பதை அளந்தார், ஜெசிந்தா கொடுத்த தண்ணீரைக் குடித்தார், “கவலைப்படாதீங்க அக்கா” என்றும் சொன்னார். வக்கீல் சங்க அறையில் உட்கார்ந்து படத்தை வரைந்தார். வரைந்து முடித்துத் திசைக்குறி போடுவதற்காகப் பென்சிலை ஊன்றியபோது, பக்கத்து மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மூத்த வக்கீல் ஒருவர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். அறையில் இருந்த பதினாறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இளம் வக்கீல் பென்சிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இரண்டாவது படமும் முதல் படத்தைப் போலவே இருக்கிறதே,” என்றார் நீதிபதி, கொஞ்சம் நிம்மதியோடு. “மேலும், கமிஷனர் அளவுகளைப் பார்த்தால் ஆறு நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு வாய்தாவில் நிலமும் தீர்ப்பும் ஒத்துப்போய்விடும். அதன்பிறகு பிழை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இந்த மனுவுக்கே தேவை இருக்காது.”

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம் எழுந்தாள். அவளுக்கு முன்னால் வரிசையாகக் கறுப்பு முதுகுகள், எல்லாம் அவள் தைத்தவை. தாணுமாலயன் கையால் உட்காரும்படி சைகை செய்தார். அவள் உட்காரவில்லை.

“அப்போ நாங்க ரெண்டு பேரும் எங்க இருப்போம் அய்யா?”

நீதிபதி அவளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார். பத்தொன்பதாம் பத்தியை இரண்டு முறை படித்தார். “வீட்டில்தான் இருப்பீர்கள்,” என்றார். “தீர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது.” இரண்டு வாரம் தள்ளி வாய்தா கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வடிவாம்பாள் வந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் தைக்கத் தேவையில்லாத ஒரு ரவிக்கைத் துணி. தண்ணீர் வாசலிலிருந்து ஒன்பதடியில் இருந்தது. அவள் பாதையின் புழுதி படாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கைத் துணியை மடியில் மடித்துப் பிரித்தாள்.

“நான் காதுல சொல்லாம விட்டதுதான் எல்லாத்துக்கும் காரணம்,” என்றாள் பிறகு.

“யக்கா, இதைக் கூண்டுல ஏறிச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.” வடிவாம்பாள் கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தாள். “எனக்கு இன்னும் பதினொரு மாசம் சர்வீஸ் இருக்கு. வீட்ல ரெண்டு பேரு என்னை நம்பி. இருபத்தாறு வருஷமா ஜட்ஜுங்க காதுல ரகசியம் சொன்னேன்னு நானே சொல்லவா? நான் உனக்கு வேற ஒண்ணு சொல்ல வந்தேன். தப்புன்னு எழுதினா ஏழு வருஷம் ஆனாலும் அந்தத் தாள் நகராது. யாரும் தப்புப் பண்ணலைன்னு எழுதினா அஞ்சு நிமிஷத்துல கையெழுத்து ஆகும்.”

“அப்படி என்னத்தை எழுத?”

“ஜெயிச்சவ தீர்ப்பே வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். முழுசா. வழக்கே போடாத மாதிரி. தோத்தவரும் கூடக் கையெழுத்துப் போடணும். தீர்ப்பு இல்லைன்னா ஆத்துக்கு வேலை இல்லை, நிக்கும்.”

“திரும்பிப் போகுமா?”

“போன்னு யாரும் எழுதலையே. நின்ன எடத்துல நிக்கும்.”

மரியபுஷ்பம் வெளியே பார்த்தாள். கிழக்கிலும் மேற்கிலும் இசக்கியப்பனின் மதில்கள், இரண்டின் அடிப்பாகமும் தண்ணீரில் இருந்தன. சுற்றிப் போக ஆற்றங்கரை மணல் இப்போது இல்லை. தெற்கே பாதை மட்டும் இருந்தது. தீர்ப்பு போனால் பாதையும் போகும்.

“பொழைச்சுக் கெடந்தா பாதையைப் பாத்துக்கலாம்,” என்றாள் வடிவாம்பாள். ரவிக்கைத் துணியை அங்கேயே மறந்துவிட்டுப் போனாள்.

இசக்கியப்பன் லாரி செட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, கனத்த உடம்பு. மரியபுஷ்பம் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“அப்ப தோக்கதுக்கு எங்கிட்ட வந்திருக்க.”

“ஆமா அண்ணாச்சி.”

“நாலு வருஷம் என்னைக் கோர்ட் வாசல்ல நிக்க வச்ச. எதுத்தாப்புல உக்காந்து டீ குடிக்கிற பய எல்லாம் சிரிச்சான். எம் புருஷன் அப்படிச் சொல்லவே இல்லைன்னு கூண்டுல ஏறி நின்ன. ஏம்மா, ராயப்பன் சொன்னது உனக்குத் தெரியாது?”

அவளுக்குத் தெரியும். கணவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, பாதையை அண்ணாச்சியே வச்சுக்கட்டும், நாம கேட்டா விடாமலா போவாரு என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கூண்டில் அவள் அதைச் சொல்லவில்லை.

“தெரியும்,” என்றாள்.

இசக்கியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டி, “பேப்பரைக் கொண்டா” என்றார்.

“கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி, ஆனா பாதையில நாங்க போய்க்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எழுத வேண்டாம். வாயால சொன்னா போதும்.”

“வாயால சொன்னதுக்கு என்ன மதிப்புன்னு நீதானே எனக்குப் படிச்சுக் குடுத்த?” என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மனு எடுக்கப்பட்டது. வாதி தீர்ப்பாணையின் பலன்கள் அனைத்தையும் தன் முழு மனதோடு விட்டுவிடுகிறார், இரு தரப்புக்கும் இடையே தகராறு ஏதும் இல்லை, கோர்ட்டின் மீது யாருக்கும் குறை இல்லை என்று அதில் இருந்தது. தாணுமாலயன் அதை வாசித்தபோது வக்கீல்கள் வரிசையில் ஒரு பெரிய மூச்சு எழுந்து அடங்கியது. நீதிபதி இரண்டு முறை படித்தார், மரியபுஷ்பத்தைப் பார்த்து, “யாருடைய வற்புறுத்தலும் இல்லையே?” என்று கேட்டார். “இல்லை அய்யா” என்றாள் அவள். பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. அந்த மாதம் மேல்கோர்ட்டுக்குப் போன அறிக்கையில், திருத்தப்பட்ட தீர்ப்புகள் என்ற கட்டத்தில், இல்லை என்று வடிவாம்பாள் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

நிற்பதற்கு ஓர் இரவு தேவைப்படவில்லை, ஆறு அன்று சாயங்காலமே வாசலின் இரண்டாவது படியில் நின்றது. முதல் படி தண்ணீருக்குள் இருந்தது, மூன்றாவது படி காய்ந்திருந்தது. மரியபுஷ்பம் நாடாவைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள், ஒரு நூல் அளவு ஏறவில்லை, ஒரு நூல் அளவு இறங்கவும் இல்லை. சமையலறைக்குள் புதிதாகப் புழுதி வரவில்லை, ஆடும் வரவில்லை. ஊர்க்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்து, கோர்ட் என்றால் கோர்ட்தான், கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கரையில் வக்கீல்கள் காய்ந்த மணலில் வேப்பங்கன்று நட்டார்கள்.

காலையில் பாதையின் குறுக்கே கேட் நின்றது. அந்தப் பழைய கேட், அதே துரு, அதே பூட்டு. அதற்கு அந்தப் பக்கம் இசக்கியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது.

ஜெசிந்தா பையை மாட்டிக்கொண்டு கம்பிகளுக்கு முன்னால் போய் நின்றாள். “மாமா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

இசக்கியப்பன் அவளையும் அவள் தாயையும் பார்த்தார். எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, நிதானமாகப் பூட்டைத் திறந்து, ஒரு சின்ன உடம்பு நுழைகிற அளவுக்குக் கேட்டை இழுத்தார். “பிள்ளை போகட்டும்.”

ஜெசிந்தா நுழைந்து வெளியே போனாள். பின்னாலேயே போக மரியபுஷ்பம் ஓரடி எடுத்து வைத்தாள், கேட் மூடியது, பூட்டிய சாவி மறுபடியும் அவர் இடுப்புக்குப் போனது.

“உனக்கு வெளிய என்ன சோலி?”

“அங்கி தச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி, குடுக்கணும்.”

“நாளைக்குப் பாப்போம்.”

ஜெசிந்தா பாதையின் முனையில் திரும்பி நின்று கையசைத்தாள். இனி அவள் எங்கே கண் மூடினாலும் அங்கேயே விழிப்பாள், எந்தத் தீர்ப்பும் அவளைத் திரும்பக் கொண்டுவந்து போடாது என்பது அப்போதுதான் மரியபுஷ்பத்துக்குப் புரிந்தது. குழந்தை தெருவில் திரும்பி மறைந்தது.

“நாலு மணிக்கு வருவா அண்ணாச்சி.”

“வரட்டும்.”

“தொறப்பீகள்லா?”

இசக்கியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். “அப்ப எனக்கு என்ன மனசோ,” என்றார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

அக்கரையில் கோர்ட் மணி அடித்தது. அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது படியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அவர் இடுப்பில் அசைந்த சாவியைப் பார்த்தபடி நின்றாள். அப்போது மணி பத்துதான் ஆகியிருந்தது.